இனிப்பு நீர் உள்ளவர்கள் பழம் சாப்பிடலாமா?



தோட்டத்தில் பழம் என்று சொன்னால் நமக்கெல்லாம் முதலில் நினைவுக்கு வருவது செம்பனைப் பழம்தான். இந்த முறை நான் எழுத வந்தது அதைப் பற்றியல்ல, கையால் உரித்து வாயில் போட்டுக்கொள்ளும் பழத்தைப் பற்றி. இனிப்பு நீர் வியாதி உள்ளவர்கள் பழம் சாப்பிடலாமா கூடாதா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். நானும் ஒவ்வொரு முறையும் "டாக்டரைக் கேளுங்கள்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவேன். அது தப்பித்துக்கொள்ளும் பதில். என் வீட்டில் நடந்ததை எழுதினால்தான் ஒழுங்கான பதிலாக இருக்கும். எழுதக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. முப்பத்து நாலு வருஷம் தோட்ட ஆஸ்பத்திரியில் டிரசராக இருந்து ஊருக்கெல்லாம் புத்தி சொன்னவன் நான்.

என் வீட்டுக்காரி ஆயாக் கொட்டகையில் வேலை பார்த்தவள். பால்வெட்டுக்குப் போகும் தாய்மார்கள் விடிவதற்கு முன்பே தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து அவளிடம் விட்டுவிட்டுப் போவார்கள். அப்படி எத்தனையோ பிள்ளைகளை வளர்த்தவள். அவளுக்கு இனிப்பு நீர் கண்டு பல வருஷமாகிறது. காலையும் மாலையும் மெட்போர்மின், கிளிக்லசைட் என்று இரண்டு வகை மாத்திரை. எனக்கு வியாதி இல்லை, ஆனால் வயிறு முன்னால் போகும், நான் பின்னால் போவேன். "இனிப்பு நீர் வாசல்ல வந்து நிக்குது" என்று கிளினிக்கில் எனக்கும் சொல்லிவிட்டார்கள். நாங்கள் மட்டும் இப்படியில்லை. 2023-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி இந்த நாட்டுப் பெரியவர்களில் 100 பேருக்கு 15.6 பேர், அதாவது ஆறு பேரில் ஒருவர், இந்த வியாதிக்காரர்கள்.

2023 பொங்கலுக்கு மகளும் மருமகனும் வந்திருந்தார்கள். மருமகன் ஷா ஆலாமில் தொழிற்சாலை வேலை. ஆளே பாதியாக இளைத்திருந்தார். பன்னிரண்டு கிலோ குறைந்துவிட்டதாம். "மாமா, சோறு, ரொட்டி, பழம் மூணையும் நிறுத்திப் பாருங்க. முட்டை, கோழி, ஆடு, மீன், கீரை எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடலாம். அத்தைக்கு மூணு மாசத்துல மாத்திரையே தேவைப்படாது" என்றார். கைப்பேசியில் ஏழெட்டுப் படமும் காட்டினார். டிரசராக இருந்தவன் நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. தொப்பை குறையுமே என்ற ஆசை. மறுநாளே அரிசிப் பானையை மேலே ஏற்றி வைக்கச் சொன்னேன்.

இது ஒன்றும் புதிய வைத்தியம் அல்ல. 1863-இலேயே லண்டனில் வில்லியம் பாண்டிங் என்பவர் ரொட்டி, சீனி, உருளைக்கிழங்கை விட்டு உடம்பு இளைத்த கதையைச் சிறு நூலாக எழுதினார். 1972-இல் அமெரிக்க டாக்டர் ராபர்ட் அட்கின்ஸ் எழுதிய புத்தகம் இதை உலகமெங்கும் பரப்பியது. இன்சுலின் 1921-இல் கண்டுபிடிக்கப்படும் வரை, மாவுச்சத்தைக் குறைத்துப் பட்டினி போடுவதைத் தவிர இனிப்பு நீருக்கு வேறு வழியும் பெரிதாக இருக்கவில்லை. "இனிப்பு நீருக்குப் பழம் ஆகாது" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதில் அந்தக் காலத்துப் பயம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதல் மாதம் எனக்கு ஐந்து கிலோ, அவளுக்கு நாலு கிலோ குறைந்தது. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. பிறகுதான் யோசித்தேன். நம் ஈரலிலும் தசையிலும் உடம்பு கொஞ்சம் மாவுச்சத்தைச் சேமித்து வைத்திருக்கும். அதில் ஒரு கிராமோடு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரும் சேர்ந்தே இருக்கும். சோற்றை நிறுத்தியதும் முதலில் அந்தச் சேமிப்புத்தான் கரைகிறது. ஈரச் சாக்கைப் பிழிந்துவிட்டு நிறுத்தால் எடை குறையத்தானே செய்யும்? கொழுப்பு கரைவது அதற்குப் பிறகு, மெதுவாக.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். அவளுடைய இரத்தப் பரிசோதனையும் நன்றாகவே வந்தது. மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி 8.6-இலிருந்து 7.4-க்கு இறங்கியது. அதைப் பார்த்ததும் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. மலச்சிக்கல், கெண்டைக்கால் இழுப்பு என்று அவள் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மரக்கறி. சோறும் இல்லை, கறியும் இல்லை என்றால் தட்டில் என்ன இருக்கும்? இரண்டு துண்டு தவுவும் கொஞ்சம் கீரையும்தான். அதையும் அவள் வாய் திறக்காமல் தின்றாள்.

ரம்புத்தான் தோல்

ஜூலை மாதம் வந்தது. வீட்டுக்குப் பின்னால் ஒரு ரம்புத்தான் மரம் நிற்கிறது. வீடு வாங்கிய வருஷம் அவள் கையால் நட்டது. அந்த வருஷம் கிளை முறிகிற அளவுக்குக் காய்த்திருந்தது. பேரப்பிள்ளைகள் கொக்கி வைத்துப் பறித்தார்கள். அவள் கீழே நின்று குலையை எல்லாம் கட்டுக் கட்டாகக் கட்டி அக்கம்பக்கத்துக்குக் கொடுத்து அனுப்பினாள். ஒன்றுகூட வாயில் போடவில்லை. நான் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், பின்பக்கச் சாக்கடை அடைத்துக்கொண்டது. குச்சியால் கிளறினால் ஒரு பொட்டலம் ரம்புத்தான் தோல், பழைய பேப்பரில் மடித்து. யார் வேலை என்று கேட்கவே வேண்டாம். "இந்த வயசுல திருட்டுத்தனம் எதுக்கு?" என்று கத்திவிட்டேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

அவள் கோபப்படவில்லை. "இந்த மரத்துக்குத் தண்ணி ஊத்தி வளத்தவ நானுங்க. நாலு பழம் தின்னதுக்குத் திருடின்னு பேரா?" என்றாள். அவ்வளவுதான். அன்று இரவு ஒரு துண்டு தவு மட்டும் தின்றுவிட்டு, வழக்கம்போல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டாள்.

விடியற்காலை நாலரை மணி இருக்கும். ஏதோ பேச்சுச் சத்தம் கேட்டு விழித்தேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து, "கொட்டகையத் தொறந்தாச்சாங்க? புள்ளைங்கள்லாம் வந்துரும்" என்கிறாள். ஆயாக் கொட்டகையை மூடிப் பல வருஷமாகிவிட்டது. தொட்டுப் பார்த்தேன். உடம்பெல்லாம் வேர்வையில் தொப்பலாக நனைந்து, கை நடுங்குகிறது. விரலில் குத்திப் பார்த்தால் மானி 2.6 காட்டுகிறது. நாலுக்குக் கீழே இறங்கினாலே ஆபத்து.

மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தேன். பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி பார்த்தேன், 4.3. அப்புறம் பிஸ்கட்டும் பாலும் கொடுத்தேன். அந்தப் பதினைந்து நிமிஷம் எப்படிப் போனது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. தோட்டத்தில் எத்தனையோ பேருக்கு இதே சீனித் தண்ணியைக் கரைத்துக் கொடுத்திருக்கிறேன். அப்போதெல்லாம் என் கை நடுங்கியதில்லை.

விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். கிளிக்லசைட் இரத்தத்தில் நெடுநேரம் வேலை செய்யும், சீனி மறுபடியும் இறங்கலாம் என்று அன்று முழுதும் வைத்துப் பார்த்தார்கள். இளம் டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மாத்திரையைக் குறைக்காமல் சோற்றை நிறுத்தச் சொன்னது யார்?" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். காட்டிக் கொடுக்கவில்லை. நானே சொன்னேன்.

மாத்திரை எப்படி வேலை செய்கிறது?

இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரைகள் கணையத்தைப் பிடித்துத் தள்ளி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. நீங்கள் சோறு தின்றீர்களா, தவு தின்றீர்களா என்று அந்த மாத்திரைக்குத் தெரியாது. பெரட்டுக்கு ஆள் வந்தாலும் வராவிட்டாலும் மணி அடிப்பது மாதிரி அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். மாவுச்சத்துப் போகாத வயிற்றில் அது வேலை செய்தால் சீனி பாதாளத்துக்கு இறங்கும். இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கும் இதே கதைதான். மெட்போர்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இப்படி நேர்வது அபூர்வம்.

எம்பாகிளிப்லோசின், டாபாகிளிப்லோசின் என்ற மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவை சீனியை மூத்திரத்தில் இறக்கிவிடுபவை. இவற்றைச் சாப்பிட்டுக்கொண்டு சோற்றையும் அடியோடு நிறுத்தினால், இரத்தத்தில் அமிலம் ஏறலாம். வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல் வரும், ஆனால் மானியில் சீனி பெரிதாக ஏறியிருக்காது. "சீனி நல்லாத்தானே இருக்கு" என்று வீட்டில் படுத்துக் கிடந்தால் உயிருக்கே ஆபத்து.

சீனி இறங்கி ஆள் மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 999-க்குக் கூப்பிடுங்கள். வெளிக்காட்டு வேலைக்குப் போகிறவர்கள் சட்டைப் பையில் நாலு மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள். தனி நிரையில் குலை வெட்டிக்கொண்டிருக்கும்போது மயக்கம் வந்தால் யார் பார்ப்பது?

எண்ணிச் சாப்பிடணும்

டாக்டர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்து, உணவு ஆலோசகரிடம் அனுப்பினார். மலாய்க்காரப் பெண், எங்கள் கடைசி மகள் வயதுதான் இருக்கும். என் வீட்டுக்காரி முதலில் கேட்டதே ரம்புத்தானைப் பற்றித்தான். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "பூவா போலே மாக்கான் ஆண்டி, தாப்பி கெனா கிரா" என்றாள். பழம் சாப்பிடலாம், ஆனால் எண்ணிச் சாப்பிடணும். ஆறு மாசத்தில் என் வீட்டுக்காரி அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

எண்ணுவது எப்படி? பதினைந்து கிராம் மாவுச்சத்து ஒரு பங்கு. சிறிய வாழைப்பழம் ஒன்று, ஒரு நடுத்தர ஆரஞ்சு, பப்பாளியிலோ அன்னாசியிலோ ஒரு துண்டு, கொய்யாவில் பாதி, ரம்புத்தான் என்றால் ஐந்து, சிறிய மங்குஸ்தீன் இரண்டு, லங்சாட் எட்டு. இவை ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு பங்கு. டுரியானில் சிறிய சுளை இரண்டுதான் ஒரு பங்கு. (உங்கள் முகம் போகிற போக்கு எனக்குத் தெரிகிறது.) அரைக் கோப்பைச் சோறும் இதே ஒரு பங்குதான். ஆகவே சோற்றுக்கு மேல் பழம் என்று ஏற்றிக்கொண்டே போகக் கூடாது. இன்னொரு பங்கு பழம் வேண்டுமானால் அரைக் கோப்பைச் சோறு தட்டிலிருந்து இறங்க வேண்டும்.

தட்டுக்கு அந்தப் பெண் சொன்ன கணக்கு, சுகாதார அமைச்சு ஊரெல்லாம் சொல்லி வரும் "சுக்கு-சுக்கு செப்பாரோ". தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ, மீதி அரைத் தட்டு காய்கறியும் பழமும். கிளினிக்குகளில் இந்தப் படம் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நானும் பார்த்தேன், படித்தேன், சோற்றை மலையாகக் குவித்துக்கொண்டு வந்தேன்.

பழத்தில் சீனி இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் முழுப் பழத்தில் அந்தச் சீனி நார்ச்சத்துக்குள் சிக்கிக் கிடக்கிறது. மென்று, செரித்து, மெதுவாக இரத்தத்துக்குப் போகிறது. பிழிந்து நார் போன பிறகு அது சீனித் தண்ணீர்தான். ஒரு கிளாஸ் ஆரஞ்சுச் சாற்றுக்கு மூன்று நாலு பழம் போகும். நாலு ஆரஞ்சை உரித்துத் தின்னச் சொன்னால் யாராவது ஒரு மூச்சில் தின்ன முடியுமா? பொட்டலச் சாறு, டின்னில் வரும் லைச்சி, கரும்புத் தண்ணி, சீனிப் பாகில் ஊறிய பழம், இவற்றையெல்லாம் பழம் என்று கணக்குப் பண்ணாதீர்கள். கோப்பிக் கடையில் பால்டின்னை ஊற்றிக் குடிக்கும் இரண்டு கிளாஸ் தேத்தண்ணியைப் பற்றி மூச்சு விடாமல், ஒரு கொய்யாப் பழத்தைக் கண்டு பயப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான்.

ஆராய்ச்சியும் இதற்கு ஒத்து வருகிறது. டென்மார்க்கில் புதிதாக இனிப்பு நீர் கண்ட 63 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரைத் தினம் குறைந்தது இரண்டு பழம் சாப்பிடச் சொன்னார்கள், மற்றவர்களை இரண்டுக்கு மேல் போகாதீர்கள் என்றார்கள். பன்னிரண்டு வாரம் கழித்து இரு பகுதியினருக்கும் எச்பிஏ1சி இறங்கியிருந்தது, பழத்தைக் குறைத்தவர்களுக்குத் தனி லாபம் எதுவும் இல்லை. 2013-இல் வெளிவந்த ஆய்வு இது. சீனாவில் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2017-இல் வந்தது. தினமும் புதுப்பழம் சாப்பிட்டவர்களுக்கு இனிப்பு நீர் வருவது 12 விழுக்காடு குறைவாக இருந்தது. பழத்தால்தான் குறைந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, பழம் தின்கிறவர்கள் மற்ற பழக்கங்களிலும் ஒழுங்காக இருக்கலாம். ஆனால் பழம் விஷம் என்று சொல்வதற்கு இடமே இல்லை.

மருமகன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் இளவட்டம், மாத்திரை எதுவும் சாப்பிடாதவர், இன்றும் அப்படியே சாப்பிட்டு நன்றாக இருக்கிறார். டாக்டர் பார்வையில், மருந்தைக் குறைத்துக்கொண்டு செய்தால் இந்த முறையால் சீனி இறங்குகிறவர்கள் உண்டு. அமெரிக்காவில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தார் 609 பேரை வைத்துச் செய்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், மாவுச்சத்தைக் குறைத்தவர்களும் கொழுப்பைக் குறைத்தவர்களும் ஒரு வருஷ முடிவில் ஏறக்குறைய ஒரே அளவுதான் இளைத்திருந்தார்கள். யாரால் எதை விடாமல் தொடர முடிகிறது என்பதுதான் விஷயம். எங்களால் அதைத் தொடர முடியவில்லை.

இருவரும் சேர்ந்து

இப்போது எங்கள் வீட்டில் காலை பத்து மணிக்கு ஒரு பங்கு பழம், சாயங்காலம் ஒரு பங்கு. இரண்டு பேருக்கும் ஒரே தட்டு, ஒரே அளவு. முதல் இரண்டு வாரம் மானியை வைத்துச் சோதித்தோம். மானிப் பட்டை விலை கூடுதல், தினமும் முடியாது, ஆனால் அந்த இரண்டு வாரச் செலவு வீண்போகவில்லை. பத்து மணிக்குத் தனியாகப் பப்பாளி தின்றால் இரண்டு மணி நேரம் கழித்து அவளுக்கு எட்டைச் சுற்றி நின்றது. ஒரு கல்யாண வீட்டில் வயிறு முட்டச் சோறு தின்றுவிட்டு மேலே ஒரு வாழைப்பழமும் தின்று வந்த அன்று 12.4. வாழைப்பழத்தைத் திட்டப் போனேன். "சோத்த விட்டுட்டுப் பழத்தத் திட்டுறீங்களே" என்றாள்.

ஆறு மாதம் கழித்து எச்பிஏ1சி 7.2. பட்டினி கிடந்தபோது வந்த 7.4-ஐவிடக் கொஞ்சம் நல்லது, அதுவும் மாத்திரை பாதியாகக் குறைந்த பிறகு. நான் இழந்த கிலோவில் இரண்டு திரும்பி வந்துவிட்டது. வரட்டும்.

கிட்னி பழுதானவர்களுக்கு மேலே சொன்ன கணக்கு அப்படியே பொருந்தாது. வாழைப்பழம், டுரியான் போன்றவற்றில் பொட்டாசியம் அதிகம், அவர்கள் டாக்டர் சொல்லும் அளவைத்தான் கேட்க வேண்டும். பிலிம்பிங் பழத்தை, வெட்டினால் நட்சத்திரம் போல இருக்குமே, அதை அவர்கள் தொடவே கூடாது. அதில் உள்ள ஒரு நஞ்சைக் கிட்னிதான் வெளியேற்ற வேண்டும். கிட்னி வேலை செய்யாவிட்டால் அது மூளைக்கு ஏறும். நிற்காத விக்கல், குழப்பம், வலிப்பு வரும், இறந்தவர்களும் உண்டு. பிரேசில் நாட்டு விஞ்ஞானிகள் 2013-இல் அந்த நஞ்சைப் பிரித்தெடுத்துக் காரம்போக்சின் என்று பெயர் வைத்தார்கள். பல தோட்ட வீடுகளின் பின்னால் இந்த மரம் நிற்பதால்தான் விரிவாக எழுதுகிறேன். உங்கள் கிட்னி எப்படி இருக்கிறது என்று தெரியாவிட்டால், அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், இரத்தப் பரிசோதனையில் தெரியும். கொழுப்புக்கு சிம்வாஸ்தாத்தின் சாப்பிடுகிறவர்கள் லிமாவ் பாலி சாப்பிடுவதற்கு முன்னால் மருந்து கொடுப்பவரை ஒரு வார்த்தை கேளுங்கள். டுரியானும் சம்சுவும் சேர்ந்த கதையைத் தனியாக எழுத வேண்டும், இதில் இடம் இல்லை.

இந்த வருஷமும் ரம்புத்தான் காய்த்திருக்கிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு அவள் முறத்தில் கொட்டி எண்ணுவாள், அவளுக்கு ஐந்து, எனக்கு ஐந்து. நேற்று என் தட்டில் நாலுதான் இருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"மத்தியானம் மரத்தடியில நின்னு ஒண்ணு தின்னீங்களே, எனக்குத் தெரியாதா?" என்றாள்.